முலாகோ குன்றின் பிள்ளைகள்

உகாண்டாவின் தலைநகரம் கம்பாலா, குன்றுகளின் மேல் பரவிக் கிடக்கும் ஊர். மெங்கோ குன்றில் அரண்மனை, ருபாகாவில் கத்தோலிக்கப் பேராலயம், கிபுலியில் பள்ளிவாசல், மகெரெரேயில் பல்கலைக்கழகம். முலாகோ குன்றில் அரசு ஆஸ்பத்திரி. உலகத்தின் புற்றுநோய்ப் பாடப்புத்தகங்களில் மூன்று பெரிய பாடங்களுக்கு இந்த ஒரு குன்றின் குழந்தைகள் வார்டு கடன் கொடுத்திருக்கிறது. வைரஸுக்கும் மனிதப் புற்றுக்கும் தொடர்பு உண்டு என்பது ஒன்று. கத்தி படாமல் மருந்தாலேயே கரையும் கட்டிகள் உண்டு என்பது இரண்டு. எச்.ஐ.வி. தொற்றிய குழந்தைக்குப் புற்றுநோய் எப்படி வருகிறது என்பது மூன்று.

நான் தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் பேத்தாலஜி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். முலாகோவை நேரில் பார்த்ததில்லை. அந்த ஊரோடு எனக்கு ஏற்பட்ட உறவு மைக்ராஸ்கோப் வழியாக வந்தது. ஸ்லைடைப் பார்த்ததும் நோயின் பெயர் சொல்லவேண்டிய ஸ்பாட்டர்ஸ் தேர்வுக்கு நாங்கள் தவறாமல் வைக்கும் ஸ்லைடுகளில் ஒன்று பர்கிட் லிம்போமா. கருநீலத்தில் நெருக்கியடித்து நிற்கும் செல்கள். நடுநடுவே வெளிறிய திட்டுகள். அந்தத் திட்டுகள், செத்த செல்களை விழுங்கிக்கொண்டிருக்கும் பெருஞ்செல்கள். மொத்தமாகப் பார்த்தால் விண்மீன் இறைந்த இரவு வானம். புத்தகத்தையே தொடாத பையன்கூட “ஸ்டாரி ஸ்கை, மேடம்” என்று சொல்லி மதிப்பெண் வாங்கிவிடுவான். அந்த வானம் யாருடைய தாடையிலிருந்து வந்தது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. தேர்வுக்கு அது தேவைப்படாது. எனக்குத் தேவைப்பட்டது. தேடிப் படிக்கப் படிக்க ஒன்று உறுதியாயிற்று. மருத்துவத்துக்குப் பாடம் சொல்ல அந்தப் பிள்ளைகள் எப்போதும் முதல் ஆளாக நின்றார்கள். மருந்து வாங்கும் வரிசையில் அவர்கள் கடைசியாக நிறுத்தப்பட்டார்கள்.

நான்கு தாடை வீங்கிய சிறுவன்

1957-இல் முலாகோ குழந்தைகள் வார்டில் மருத்துவர் ஹியூ ட்ரோவெல், சர்ஜன் டெனிஸ் பர்கிட்டைக் கூப்பிட்டு ஒரு சிறுவனைக் காட்டினார். மேல்தாடை, கீழ்த்தாடை, வலம், இடம் என நான்கு மூலையும் வீங்கியிருந்தன. சீழ்க்கட்டி என்றால் ஒரு பக்கம் வரும். புற்று என்றாலும் ஓரிடத்தில்தான் தொடங்கும். நான்கிலும் ஒரே சமயத்தில் எப்படி? பர்கிட்டுக்கு விளங்கவில்லை. சில வாரம் கழித்து ஜிஞ்சா ஊர் ஆஸ்பத்திரியில் வார்டு சுற்றிக்கொண்டிருந்தவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். புல்தரையில் ஒரு தாயோடு, அதே முகவீக்கத்தோடு, ஒரு குழந்தை. போய்ப் பார்த்தால் வயிற்றிலும் கட்டி. ஒரு குழந்தை என்றால் விசித்திரம் என்று விட்டுவிடலாம். இரண்டு என்றால் அது நோய்.

பர்கிட் அயர்லாந்துக்காரர். பதினோரு வயதில் விபத்தில் ஒரு கண்ணை இழந்தவர். ஆனால் அந்தக் கட்டியை முதலில் கண்டவர் அவர் அல்ல. 1897-இல் மெங்கோவில் மிஷன் ஆஸ்பத்திரி தொடங்கிய ஆல்பர்ட் குக்கின் பழைய நோயாளிப் பதிவேடுகளைப் பின்னாளில் புரட்டியவர்கள், பிள்ளைகளின் தாடைக் கட்டிகளை அங்கேயும் கண்டார்கள். அதற்கும் முன்னால் எத்தனையோ தாய்மார் கண்டிருப்பார்கள். தனித்தனியாகக் கிடந்த தாடைக் கட்டியையும் வயிற்றுக் கட்டியையும் ஒரே நோயாகக் கோத்ததுதான் பர்கிட் செய்தது. 1958-இல் பிரிட்டிஷ் சர்ஜரி இதழில் அதைத் தாடைச் சார்கோமா என்று எழுதினார். கம்பாலாவில் இருந்த என் தொழில்காரர்கள், ஜார்ஜ் ஓகானரும் ஜே.என்.பி. டேவிஸும், ஸ்லைடுகளைப் பார்த்து இது சார்கோமா அல்ல, நிணநீர்ச் செல்களின் புற்று, அதாவது லிம்போமா என்று திருத்தினார்கள். கம்பாலாவில் 1950-களிலேயே புற்றுநோய்ப் பதிவேடு ஒன்று தொடங்கப்பட்டிருந்தது. பின்னால் எச்.ஐ.வி. வந்தபோது முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று ஒப்பிட முடிந்தது இந்தப் பதிவேட்டால்தான்.

இந்தக் கட்டி எங்கெல்லாம் வருகிறது என்று கேட்டுப் பர்கிட் ஆப்பிரிக்கா முழுக்க ஆஸ்பத்திரிகளுக்குப் படம் போட்ட துண்டறிக்கைகள் அனுப்பினார். அதற்குக் கிடைத்த உதவித்தொகை வெறும் 25 பவுண்டு. பதில்களை வரைபடத்தில் குறித்தபோது கண்டத்தின் இடுப்பில் ஒட்டியாணம் கட்டியதுபோல் ஒரு பட்டை தெரிந்தது. அந்தப் பட்டைக்குத் தெற்கு எல்லை எங்கே முடிகிறது என்று பார்க்க, 1961 அக்டோபரில் டெட் வில்லியம்ஸ், கிளிஃப் நெல்சன் என்ற இரு மருத்துவர்களோடு 250 பவுண்டுக்கு வாங்கிய பழைய ஃபோர்டு வண்டியில் கிளம்பினார். சுமார் 10,000 மைல், பத்து வாரம். திரும்பி வந்தபோது கையில் இருந்த விடை எளிமையானது: குளிர்ந்த மேட்டுநிலத்தில் இல்லை, வறண்ட நிலத்தில் இல்லை, வெயிலும் மழையும் சேர்ந்த தாழ்நிலத்தில் இருக்கிறது. கொசு எங்கேயோ அங்கே கட்டி. மலேரியா விடாமல் அடிக்கும் ஊர்களின் வரைபடமும் இதுவும் ஏறக்குறைய ஒன்று.

அந்தப் பயணத்துக்கு முன்பே, 1961 மார்ச்சில், லண்டன் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் பர்கிட் ஒரு சொற்பொழிவு ஆற்றியிருந்தார். கோழிகளில் புற்று உண்டாக்கும் வைரஸ்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஆந்தனி எப்ஸ்டீன் அதைக் கேட்கப் போயிருந்தார். தட்பவெப்பத்தைப் பொறுத்து ஒரு புற்று வருகிறது என்றால் அதன் பின்னால் கிருமி இருக்கவேண்டும் என்று அவருக்குப் பட்டது. கம்பாலாவிலிருந்து கட்டித் துண்டுகள் விமானத்தில் லண்டனுக்குப் போகத் தொடங்கின. இரண்டு வருடம் ஒன்றும் அகப்படவில்லை. 1963 டிசம்பரில் ஒரு விமானம் மூடுபனியால் மான்செஸ்டருக்குத் திருப்பிவிடப்பட்டது. தாமதமாக வந்த குப்பியில் திரவம் கலங்கியிருந்தது. கெட்டுப்போனது என்று கொட்டாமல் எடுத்துப் பார்த்தால், துண்டிலிருந்து உதிர்ந்த செல்கள் உயிரோடு மிதந்தன. அதிலிருந்து செல்களை வளர்க்கும் வழி கிடைத்தது. 1964-இல் எப்ஸ்டீன், இவான் பார், டிரினிடாட்டில் பிறந்த பெர்ட் அச்சோங் மூவரும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் கண்ட வைரஸை அறிவித்தார்கள். மனிதப் புற்றில் கண்டுபிடிக்கப்பட்ட முதல் வைரஸ் அது. இன்று எப்ஸ்டீன்-பார் என்று படிக்கிறோம். துண்டு கொடுத்த பிள்ளையின் பெயர் எதிலும் இல்லை.

மருந்து, வார்டு, கலகம்

பர்கிட் லிம்போமா ஒன்றிரண்டு நாளிலேயே இரட்டிக்கக்கூடியது. மனிதப் புற்றுகளில் இதைவிட வேகமானது இல்லை. திங்கட்கிழமை பல் ஆடும். இரண்டு மூன்று வாரத்தில் கண் பிதுங்கிவிடும். அந்த வேகம்தான் அதன் பலவீனமும். பிரிந்துகொண்டே இருக்கும் செல்லைத்தான் கீமோ மருந்து எளிதில் கொல்லும். 1960-களின் தொடக்கத்தில் மெத்தோட்ரெக்சேட், சைக்ளோபாஸ்பமைடு, வின்கிரிஸ்டின் ஆகியவற்றைப் பர்கிட் கொடுத்துப் பார்த்தார். ஓரிரு ஊசியிலேயே தாடை வற்றி முகம் திரும்ப வந்த பிள்ளைகள் உண்டு. அதில் சிலருக்குக் கட்டி திரும்பவே இல்லை. கீமோ என்றாலே சாவைச் சில மாதம் தள்ளிப்போடுவது என்று நினைத்துக்கொண்டிருந்த மருத்துவ உலகத்துக்கு இது பெரிய அதிர்ச்சி.

வின்கிரிஸ்டின் என்றால் எனக்கு எங்கள் ஊர் நிலம் ஞாபகத்துக்கு வரும். சாத்தூர்ப் பக்கம் அப்பாவுக்கு மானாவாரி நிலம். பருத்தியும் கம்பும் கைகொடுக்காத வருடங்களில் நித்தியகல்யாணி விதைப்பார். ஆடு வாய் வைக்காது, மழை பொய்த்தாலும் கருகாது. ஊரில் அதைச் சுடுகாட்டு மல்லி என்பார்கள். பொம்பளைப் பிள்ளைகள் தலையில் வைத்தால் கிழவிகள் திட்டுவார்கள். காய்ந்த இலையையும் வேரையும் வியாபாரி சாக்கில் கட்டி எடைபோட்டு எடுத்துப்போவார். எங்கே போகிறது என்று கேட்டால், “வெளிநாட்டுக்கு, மருந்துக்கு” என்பார். மடகாஸ்கரில் பிறந்த அந்தச் செடியிலிருந்துதான் வின்கிரிஸ்டின் எடுக்கிறார்கள் என்பதை நான் எம்.பி.பி.எஸ். படிக்கும்போது தெரிந்துகொண்டேன். ஒரு கிராம் மருந்துக்கு டன் கணக்கில் இலை வேண்டும். தென்மாவட்டத்துக் கரிசலில் விளைந்த சருகும், உகாண்டாப் பிள்ளையின் கையில் ஏறும் ஊசியும் ஒரே வணிகப் பாதையில் இருந்தவை. இந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு அவ்வளவு பங்கு உண்டு.

1967-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனமும் மகெரெரே மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து முலாகோவில் லிம்போமா சிகிச்சை மையம் திறந்தன. அதுவே பின்னாளின் உகாண்டா புற்றுநோய் நிறுவனம். முதல் பொறுப்பாளர் ஜான் சீக்லர், இருபதுகளில் இருந்த அமெரிக்க இளைஞர். அங்கே கற்றவை பல. கட்டி ஒரேயடியாகக் கரையும்போது செல்களிலிருந்து கொட்டும் யூரிக் அமிலமும் பொட்டாசியமும் பிள்ளையைக் கொன்றுவிடலாம். ஆகவே முதலில் சலைன் ஏற்றிச் சிறுநீரகத்தைக் காப்பாற்று. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் மருந்து எட்டாது. ஆகவே முதுகில் ஊசி போடு. வீட்டுக்கு அனுப்பிய பிள்ளை வரவில்லை என்றால், ஊர் தேடிப் போய்ப் பார். இந்தக் கடைசி விதிதான் மற்ற எல்லாவற்றையும்விட அருமையானது. பிழைத்தார்களா என்று தெரிந்தால்தானே மருந்து வேலை செய்ததா என்று தெரியும்.

1972-இல் புற்றுநோய் மருந்துச் சிகிச்சைக்கான லாஸ்கர் விருதைப் பலருக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். பர்கிட்டும் சீக்லரும் அதில் இருந்தார்கள். அதே வருடம் இடி அமின் ஆசியர்களை நாட்டைவிட்டுத் துரத்தினார். சீக்லரும் கிளம்பினார். மையம் மூடவில்லை. சார்லஸ் ஒல்வெனி, அவருக்குப் பின் எட்வர்ட் கட்டோங்கோலே-ம்பிடே என்று உகாண்டா மருத்துவர்களே அதைத் தாங்கிப் பிடித்தார்கள். மருந்து வராத நாள் உண்டு, சம்பளம் வராத மாதம் உண்டு, 1979-இல் போரே ஊருக்குள் வந்தது. புற்றுநோய்ப் பதிவேடும் நின்றுபோயிற்று. பாடப்புத்தகங்களில் பர்கிட்டின் வண்டிக்கு ஒரு படம் இருக்கிறது. மருந்தில்லாத வார்டைத் திறந்தே வைத்திருந்தவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. எனக்கு அவர்கள்தான் பெரியவர்கள்.

பழைய புற்று, புது வேகம்

அந்த வார்டில் இன்னொரு புற்றும் பழக்கமானது. வியன்னாவில் 1872-இல் மோரிட்ஸ் கபோசி எழுதிவைத்த தோல் புற்று. ஐரோப்பாவில் அது வயதானவர்களின் காலில் கருஞ்சிவப்புத் திட்டாக வந்து, வருடக்கணக்கில் மெல்ல ஊரும் அரிய நோய். கம்பாலாவிலோ அது அரிதல்ல; 1961-இல் அதற்கென்றே அங்கே ஒரு சர்வதேசக் கருத்தரங்கு நடந்தது. எப்போதாவது குழந்தைக்கு வரும். வந்தால் தோலில் அல்ல, நெறி கட்டிக்கொண்டு வரும்.

1982-இல் உகாண்டாவின் தென்மேற்கே, விக்டோரியா ஏரிக்கரையில், ரகாய்ப் பகுதியில் மக்கள் உருகி உருகிச் செத்தார்கள். ஊரார் அதை ‘ஸ்லிம்’ என்றார்கள். அடுத்த வருடமே சாம்பியாவின் லுசாகாவில் சர்ஜன் ஆன் பெய்லி, கபோசிப் புற்று தன் குணத்தை மாற்றிக்கொண்டிருப்பதைக் கவனித்தார். இளம் வயதினருக்கு வந்தது, நெறிகளிலும் நுரையீரலிலும் பரவியது, மருந்துக்கு அடங்கவில்லை. 1985-இல் ஸ்லிம் நோய்க்கும் எய்ட்ஸ் வைரஸுக்கும் உள்ள தொடர்பை லான்செட் இதழில் எழுதினார்கள்.

உலகம் எவ்வளவு சிறியது என்பதற்கு இங்கே ஒரு சாட்சி. கம்பாலாவிலிருந்து போன ஜான் சீக்லர் அப்போது சான் பிரான்சிஸ்கோவில் இருந்தார். 1982-இல் அங்கே ஓரினச்சேர்க்கையாளரான சில ஆண்களின் கட்டியில் பர்கிட்டை ஒத்த லிம்போமாவைக் கண்டு எழுதியவர் அவர்தான். ஆப்பிரிக்கக் குழந்தைகளின் நோய் கலிஃபோர்னியாவில் பெரியவர்களுக்கு எப்படி வந்தது? முலாகோவில் பழகிய கண்ணுக்கு அந்தக் கேள்வி உடனே தோன்றியிருக்கும். மலேரியா ஒரு வழியில் எதிர்ப்பாற்றலைக் குலைக்கிறது, எச்.ஐ.வி. இன்னொரு வழியில். இரண்டிலும் காவல் தளர்ந்த இடத்தில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் தலையெடுக்கிறது.

தாய்க்குத் தொற்று இருந்தால் பிள்ளைக்கு வயிற்றிலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ வரலாம். எந்தத் தடுப்பும் இல்லையென்றால் நூற்றில் 15 முதல் 45 பிள்ளைகளுக்கு வரும். தொற்றிய கைக்குழந்தைகளில் மருந்தில்லாமல் பாதிப்பேர் இரண்டு வயதுக்குள் இறந்துபோனார்கள். மிஞ்சியவர்கள் முலாகோ வார்டுக்கு வந்தார்கள். கூட வந்தவர் பெரும்பாலும் அம்மா அல்ல, பாட்டி. அம்மாவை ஏற்கெனவே புதைத்திருப்பார்கள்.

1989-இல் பதிவேடு மீண்டும் எழுந்தது. 1996-இல் சீக்லரும் கட்டோங்கோலே-ம்பிடேயும் சேர்ந்து கபோசி வந்த 100 உகாண்டாக் குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெரும்பாலோர் எச்.ஐ.வி. தொற்றியவர்கள். பழைய பதிவோடு ஒப்பிட்டால் குழந்தைகளுக்குக் கபோசி வருவது 40 மடங்குக்கும் மேல் கூடியிருந்தது. நான் அந்தக் கட்டுரையைத் துறை நூலகத்தில் படித்தபோது நின்று போனது எண்ணிக்கையில் அல்ல, விவரிப்பில்: நெறி கட்டிய கழுத்து, வீங்கிய இமை, அண்ணத்தில் ஊதாநிறத் திட்டு. கழுத்தில் நெறி கட்டிய மெலிந்த பிள்ளை என்றால் ஆப்பிரிக்காவிலும் சரி, இங்கேயும் சரி, மருத்துவரின் கை முதலில் காசநோய் மாத்திரைக்குத்தான் போகும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பயாப்சி எடுக்க வசதியில்லாத ஊரில் கபோசிப் பிள்ளை மாதக்கணக்கில் காசநோய் மருந்து தின்றுகொண்டிருக்கும். அந்த மாதங்கள் அதனிடம் இல்லாதவை.

எச்.ஐ.வி. தானே இந்தச் செல்லைப் புற்றாக்குவதில்லை. 1994-இல் யுவான் சாங், பேட்ரிக் மூர் தம்பதி கபோசித் திசுவில் ஒரு ஹெர்பிஸ் வைரஸின் தடயத்தைக் கண்டார்கள். எச்சில் வழியே பரவும் அது உகாண்டாவில் பிள்ளைப் பருவத்திலேயே வீட்டுக்குள் ஒட்டிக்கொள்கிறது. இந்தியாவில் அந்த வைரஸ் அபூர்வம். அதனால் எச்.ஐ.வி. இங்கே எத்தனையோ வீடுகளை அழித்தும் கபோசி மட்டும் விரல்விட்டு எண்ணும்படிதான் வந்தது. எச்.ஐ.வி. பிள்ளைகளின் நெறித் துண்டுகள் எங்கள் துறைக்கு வரும்போது பெரும்பாலும் காசநோய் இருக்கும், எப்போதாவது லிம்போமா. கபோசியைப் படத்தில் காட்டித்தான் பாடம் நடத்தினேன். அமெரிக்காவில் எச்.ஐ.வி. குழந்தைகளுக்கு வேறொரு விநோதம்: மென்தசைச் செல்களில் எழும் லியோமயோசார்கோமா. மற்றப் பிள்ளைகளிடம் மிக அரிதான கட்டி. 1995-இல் அதற்குள்ளும் எப்ஸ்டீன்-பார் வைரஸைக் கண்டார்கள். எச்.ஐ.வி. ஒன்றேதான், அந்தந்த ஊரில் முன்பே குடியிருக்கும் வைரஸ் எதுவோ, அதற்கேற்பப் புற்று மாறுகிறது.

பர்கிட் லிம்போமா விஷயத்தில் புதிர் ஒன்று இருந்தது. எச்.ஐ.வி. அதைக் கூட்டியது, ஆனால் கபோசியைப்போல் வெடிக்க வைக்கவில்லை. பர்கிட் அதிகம் வருவது ஐந்து முதல் ஒன்பது வயதில். அந்த வயதைத் தொடும் முன்பே தொற்றிய பிள்ளைகள் பலர் இறந்துவிட்டார்கள் என்பது ஆராய்ச்சியாளர் சொல்லும் காரணங்களில் ஒன்று. புள்ளிவிவரம் குறைவாக இருப்பதெல்லாம் நல்ல செய்தி அல்ல என்று மாணவர்களுக்கு இதை வைத்துத்தான் சொல்வேன்.

வரிசையின் கடைசி

1994-இல் அமெரிக்க, பிரெஞ்சு ஆய்வு ஒன்று, கர்ப்பிணிக்கு ஏ.இசட்.டி. மருந்து கொடுத்தால் பிள்ளைக்குத் தொற்றுவதை மூன்றில் இரண்டு பங்கு தடுக்கலாம் என்று காட்டியது. வாரக்கணக்கில் மாத்திரை, பிரசவத்தில் நரம்புவழி மருந்து என்று செலவு பிடித்த முறை அது. கம்பாலாவால் முடியாது. 1999-இல் முலாகோவிலேயே நடந்த ஆய்வு ஒன்று எளிய வழியைக் கண்டது: பிரசவ வலியில் தாய்க்கு ஒரு நெவிரபின் மாத்திரை, பிறந்த மூன்று நாளுக்குள் குழந்தைக்குச் சில சொட்டு. ஏ.இசட்.டி.யைக் குறுகிய காலம் கொடுத்தவர்களோடு ஒப்பிட்டால் தொற்று 47 சதவீதம் குறைந்தது. செலவு சுமார் நான்கு டாலர். மறுபடியும் அதே குன்று உலகத்துக்குப் பாடம் சொன்னது.

ஏற்கெனவே தொற்றிய பிள்ளைகளுக்கு? மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை 1996 முதல் பணக்கார நாடுகளில் இருந்தது. ஓர் ஆளுக்கு வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல். 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம் அதையே எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. அதன்பின் ஆப்பிரிக்காவில் பெரியவர்கள் பிழைக்கத் தொடங்கினார்கள். பிள்ளைகள் காத்திருந்தார்கள். அவர்கள் எடைக்கான மாத்திரையே இல்லை. பெரியவர் மாத்திரையை நர்சுகள் உடைத்துக் கொடுத்தார்கள். பாதி என்று உடைத்தது பாதியாக இருக்காது, ஒவ்வொரு மருந்தும் இரு துண்டிலும் சமமாகவும் இராது. திரவ மருந்து உண்டு. கசப்பு, பெரிய பாட்டில், சிலவற்றுக்குக் குளிர்பெட்டி வேண்டும். மின்சாரம் இல்லாத குடிசையில் பாட்டி அதை எங்கே வைப்பார்? சிப்லாவின் குழந்தை மாத்திரையை லுசாகாவில் சோதித்து, அது அமெரிக்க ஒப்புதல் பெற 2007 ஆயிற்று.

பரிசோதனையிலும் அதே கதை. தாயின் எதிர்ப்பொருள் பிள்ளை ரத்தத்தில் பதினெட்டு மாதம் வரை இருக்கும். சாதாரண டெஸ்ட் தாயைத்தான் காட்டும், பிள்ளையை அல்ல. வைரஸையே தேடும் பி.சி.ஆர். வேண்டும். குதிகாலில் குத்திய ரத்தச் சொட்டை அட்டையில் உலர்த்தித் தலைநகர ஆய்வகத்துக்கு அனுப்பும் முறை பரவியபின்தான் கிராமத்துக் குழந்தைக்கு விடை கிடைத்தது. 2008-இல் தென்னாப்பிரிக்க ஆய்வு ஒன்று, நோய்க்குறி தென்படும்வரை காத்திராமல் கைக்குழந்தைக்கு உடனே மருந்து தொடங்கினால் இறப்பு 76 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. இதையெல்லாம் நான் புற்றுநோய் வரலாறாகத்தான் படிக்கிறேன். எதிர்ப்பாற்றல் சிதையும் முன் மருந்து தொடங்கிய பிள்ளைக்குக் கபோசி வருவது வெகுவாகக் குறைகிறது. கபோசிக்குக் கண்டுபிடிக்கப்பட்ட மிகச் சிறந்த தடுப்பு, புற்றுநோய் வார்டின் அலமாரியில் இல்லாத மாத்திரை.

புற்று வந்துவிட்டாலும் பிள்ளைகளைக் கைவிட வேண்டியதில்லை என்று கம்பாலாவும் மலாவியின் பிளாண்டயர், லிலோங்வே ஆஸ்பத்திரிகளும் காட்டின. கபோசிக்கு வின்கிரிஸ்டினும் பிளியோமைசினும், பர்கிட்டுக்கு சைக்ளோபாஸ்பமைடு, கூடவே எச்.ஐ.வி. மருந்து. இரண்டையும் சேர்ப்பதில் நுணுக்கம் உண்டு. ஏ.இசட்.டி.யும் கீமோவும் சேர்ந்தால் ரத்த அணுக்கள் பாதாளத்துக்குப் போகும். ரிட்டோனவிர் சேர்ந்த மருந்து எடுக்கும் பிள்ளைக்கு வின்கிரிஸ்டின் உடம்பில் தங்கி நரம்பைக் கெடுக்கும். கால் தளர்ந்து நடக்க மறுக்கும். பணக்கார நாட்டில் பர்கிட் வந்த பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். நோய் பெயர் பெற்ற நாட்டில் பாதியைத் தாண்டவே சிரமப்படுகிறார்கள். மருந்து தெரியாததால் அல்ல. பஸ் காசு இல்லாமல் நடுவில் நின்றுபோகும் சிகிச்சை, ரத்த வங்கியில் இல்லாத ரத்தம், காய்ச்சல் வந்த இரவில் எட்டாத ஆஸ்பத்திரி. 2004-இல் உகாண்டா புற்றுநோய் நிறுவனத்தின் பொறுப்பேற்ற ஜாக்சன் ஓரெம் பல வருடம் அந்த நாட்டின் ஒரே புற்றுநோய் மருத்துவராக இருந்தார்.

இப்போது கர்ப்பிணிகளுக்கு வாழ்நாள் சிகிச்சை கொடுக்கிறார்கள். 2011-இல் இதை நாட்டளவில் முதலில் தொடங்கியது ஏழை மலாவி. முழுமையாகச் செய்தால் பிள்ளைக்குத் தொற்றுவது நூற்றில் ஐந்துக்கும் கீழே போகும். ஆனாலும் 2022-இல் உலகில் 1,30,000 குழந்தைகளுக்குப் புதிதாகத் தொற்றியது என்கிறது ஐக்கிய நாடுகளின் எய்ட்ஸ் அமைப்பு. அதே வருடம் தொற்றுள்ள பெரியவர்களில் 77 சதவீதத்தினருக்கு மருந்து கிடைத்தது. குழந்தைகளில் 57 சதவீதத்தினருக்குத்தான். டோலுடெக்ராவிர் என்ற நல்ல மருந்து பெரியவர்களுக்கு 2013-இல் அனுமதி பெற்றது. தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் குழந்தை மாத்திரையாக, இந்தியத் தயாரிப்பாக, அது ஒப்புதல் பெற 2020 ஆயிற்று. ஏழு வருடம். 2013-இல் தொற்றோடு பிறந்த குழந்தைக்கு அது பள்ளிக்கூடம் போகும் வயது. பர்கிட் வரும் வயது.

என் தொழில் சங்கிலியின் கடைசிக் கண்ணி. எச்.ஐ.வி. பிள்ளை ஒன்றின் கட்டித் துண்டு பேத்தாலஜி மேசைக்கு வரும்போது, கர்ப்பகாலப் பரிசோதனை, பிரசவ மாத்திரை, குதிகால் ரத்தம், குழந்தை மருந்து எல்லாமோ, அவற்றில் ஒன்றோ தவறியிருக்கிறது என்று அர்த்தம். மைக்ராஸ்கோப் அந்தத் தவறுக்குப் பெயர் வைக்குமே தவிர, சரிசெய்யாது. பெரியவர் மருந்துக்கு அனுமதி கேட்டு வரும் நிறுவனம், குழந்தை அளவையும் சோதித்துக் கையோடு கொண்டுவரவேண்டும் என்று அரசாங்கங்கள் நிபந்தனை போடலாம். அதற்குப் புது விஞ்ஞானம் எதுவும் தேவையில்லை. முலாகோவின் பிள்ளைகள் தரவேண்டிய பாடங்களைத் தந்து முடித்துவிட்டார்கள். இனி அவர்கள் வாங்கவேண்டிய முறை.